வழிவிடுதலும் ஒரு வணக்கமே

(வீரர் நாளையொட்டித் தோட்ட மண்டபமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விடியற்காலையில் பெரட்டுக்கு எழுந்து, நிரை முடித்து, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சற்றே களைப்பாற வேண்டிய இந்த வேளையில் எனக்காக இந்த மண்டபத்தில் கூடியிருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆகவே, சொல்ல வந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலைத் திங்கள் 31ஆம் நாளை நம் நாடு வீரர் நாளாக நினைவுகூர்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அவசரகாலம் 1960ஆம் ஆண்டு முடிவுக்கு வந்த நாள் அது. அன்றைய தினம் அணிவகுப்பு நடைபெறும்; உயிர் நீத்தோருக்கு அஞ்சலி செலுத்தப்படும்; நாமும் வீட்டிலிருந்தபடியே தொலைக்காட்சியில் கண்டு நெஞ்சம் உருகுவோம். நல்லது. ஆயின், அந்த ஒரு நாள் கழிந்தபின் எஞ்சிய 364 நாட்களிலும் அந்தப் படைவீரர் எங்கே இருக்கிறார்? எல்லையில் இருக்கிறார், முகாமில் இருக்கிறார், சில நாட்களில் நமக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பயணியாகவும் இருக்கிறார். அந்தப் பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

"பால்மரக் காட்டில் கத்தி பிடிக்கும் எங்களிடம் விமானப் பயணத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். விமானம் என்றால் துரைமார்களுக்கு மட்டுமே என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இத்தகைய லயங்களில் பிறந்த பிள்ளைகள் கோத்தா கினபாலுவிலும் கூச்சிங்கிலும் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். மகளின் பட்டமளிப்பு விழாவைக் காணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதன்முறையாக விமானம் ஏறிய தாய் தந்தையர் பலரை நான் அறிவேன். நம் நாடோ தென்சீனக் கடலால் இரு கூறாகப் பிரிந்து கிடக்கிறது. தீபகற்பத்து வீரர் சபாவில் பணிபுரிகிறார். சரவாக் வீரர் தீபகற்பத்தில் பணிபுரிகிறார். விடுமுறை கிடைத்தால் ஊர் செல்வதற்குப் பேருந்து இல்லை. நாம் ஏறும் அதே பயணிகள் விமானத்தில்தான் அவரும் ஏறுகிறார். நாம் நிற்கும் வரிசையில்தான் அவரும் நிற்கிறார்.

நான் செய்த பிழை

சென்ற ஆண்டு அலுவல் காரணமாகத் தவாவ் சென்று திரும்பிக்கொண்டிருந்தேன். விமான நிலையத்தில் நல்ல கூட்டம். விமானமும் தாமதம். உட்கார இடமின்றி முதியவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே ஓர் இளைஞர் இருக்கையில் அமர்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் அவருடைய பெரிய பச்சைப் பை கிடந்தது. எனக்குச் சினம் வந்துவிட்டது. ஒருகாலத்தில் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான். பிறரைத் திருத்தும் பழக்கம் எளிதில் போவதில்லை. தோளைத் தட்டி எழுப்பினேன்.

"தம்பி, பெரியவர்கள் நிற்பது தெரியவில்லையா? பையைக் கீழே வைத்தால் என்ன?" என்று நாலு பேர் கேட்கும்படி சொன்னேன்.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று தமிழிலேயே சொன்னார். பையை எடுத்ததோடு நில்லாமல், தம் இருக்கையையும் ஒரு மூதாட்டிக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். நான் ஏதோ நற்காரியம் செய்துவிட்டதாக எண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விமானத்தில் ஏறிய பின்னர் பார்த்தால், பின்வரிசையில் எனக்குப் பக்கத்து இருக்கை அவருடையது! எனக்குக் கூச்சமாக இருந்தது. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சற்று நேரத்தில் தண்ணீர் கொண்டு வந்த பணிப்பெண்ணிடம் அவர் மெல்லிய குரலில் மலாயில் கேட்டார்: "கோலாலம்பூரில் எத்தனை மணிக்கு இறங்குவோம்? கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்." அவ்வளவு அவசரம் ஏனோ என்று அந்தப் பெண் கேட்டார். "என் தந்தை இறந்துவிட்டார். நாளை பதினாறாம் நாள்" என்றார் அவர்.

எனக்கு நெஞ்சில் அடித்தாற்போல் இருந்தது. பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை. "தம்பி, எந்தத் தோட்டம்?" என்றேன். சொன்னார். அவர் இராணுவ வீரர். தந்தையார் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். இவரே மூத்த மகன். செய்தி வந்தபோது இவர் கடலோரத்திலிருந்து எட்டியிருக்கும் ஒரு காவல் நிலையில் இருந்தார். கடல் கொந்தளித்ததால் அன்று படகு புறப்பட முடியவில்லை. மறுநாள் கரை வந்து சேர்வதற்குள் ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தார். காவல் முறையை மாற்றிக்கொள்ள ஆள் வரும்வரை இருந்துவிட்டு, கருமாதிக்காவது போய்ச் சேர வேண்டும் என்று புறப்பட்டிருக்கிறார். முதல் நாள் இரவு முழுதும் காவல். விடிந்ததும் படகு. பிறகு வண்டி. அதன் பின்னர்தான் அந்த நாற்காலியில் அரை மணி நேர உறக்கம். அந்த உறக்கத்தைத்தான் நான் கலைத்தேன்.

"தெரியாமல் பேசிவிட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை. அவரோ, "நீங்கள் சொன்னது சரிதானே ஐயா, பெரியவர்கள் நின்றார்கள்" என்று என்னைத் தேற்றினார்.

அவர் எதைக் காத்து நின்றார்?

சபாவின் கிழக்குக் கரையில் காவல் ஏன் என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் கடல் வழியே வந்து லகாட் டத்து வட்டாரத்தில் தண்டுவோ என்னும் சிற்றூரில் புகுந்துகொண்டது. மார்ச் மாதம் முதல் நாளன்று துப்பாக்கிச் சண்டை மூண்டது. அடுத்த நாள் செம்பூர்ணாவிலும் போலீசார் பலியாயினர். நிலைமை சீரடைவதற்குள் 8 போலீசாரும் 2 இராணுவத்தினருமாக நம் பாதுகாப்புப் படையினர் 10 பேர் உயிர் நீத்தனர். அதன் பின்னரே கிழக்கு சபா பாதுகாப்பு வட்டாரம் அதே ஆண்டில் அமைக்கப்பட்டது. அங்குள்ள மீனவரும் தோட்டத் தொழிலாளரும் அமைதியாக உறங்க வேண்டுமானால், யாரோ சிலர் உறங்காமலிருக்க வேண்டும். என் பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞர் அந்தச் சிலரில் ஒருவர்.

மற்ற நாட்டார் கற்ற பாடம்

பயணத்திலிருக்கும் வீரரை மக்கள் எவ்வாறு நடத்தினார்கள் என்பதற்கு அமெரிக்க நாட்டு வரலாற்றில் நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. வருந்தத்தக்க எடுத்துக்காட்டும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்த் பிளாட் என்று ஒரு சிற்றூர். சுமார் 12,000 மக்கள். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், தம் மாநிலத்துப் பிள்ளைகள் இருக்கும் படைக்குழு இரயிலில் வருகிறது என்று கேள்விப்பட்டு, ஊரார் பழமும் பலகாரமும் எடுத்துக்கொண்டு நிலையத்தில் காத்திருந்தனர். இரயில் வந்தது. இறங்கிப் பார்த்தால் அவர்கள் பக்கத்து மாநிலமாகிய கான்சாசைச் சேர்ந்த வீரர்கள்! ஊரார் ஒரு கணம் தயங்கினர். பிறகு, "இவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தாமே" என்று, கொண்டு வந்ததையெல்லாம் அவர்களுக்கே கொடுத்துவிட்டனர்.

அந்தக் கணத்தில் பிறந்ததே ஒரு பேரறம். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாள் தொடங்கி 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரை, அந்நிலையத்தில் நின்று சென்ற ஒவ்வொரு படை இரயிலுக்கும் அவ்வூரார் உணவளித்தனர். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்பும் பத்துப் பதினைந்து நிமிடமே அவகாசம். அதற்குள் காப்பி, ரொட்டி, அவித்த முட்டை. அன்று பிறந்த நாள் கொண்டாடும் வீரர் இருந்தால் அவருக்கு ஒரு கேக். சர்க்கரை பங்கீட்டில் கிடைத்த காலம் அது. சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களின் உழவர் குடும்பங்கள் முறை வைத்துப் பொருள் கொண்டு வந்தன. ஒரு சிறுவன் தான் அணிந்திருந்த சட்டையைக் கழற்றி ஏலம் விட்டு, அந்தப் பணத்தைக் கொடுத்தான். இவ்வாறு உபசரிக்கப்பட்ட வீரர்கள் ஏறக்குறைய 60 இலட்சம் பேர். இதைச் செய்தவர்கள் செல்வர்கள் அல்லர். உங்களையும் என்னையும் போன்றவர்கள்.

இனி, வருந்தத்தக்க கதை. அதே நாடு வியட்நாமில் போர் புரிந்தது. உலகப் போர்க் காலத்தைப் போல் படை முழுவதும் ஒன்றாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு வீரருக்கும் பொதுவாகப் பன்னிரண்டு மாதத் தவணை. தவணை முடிந்ததும் அவர் தனியாகவே வீடு திரும்பினார். நேற்றுவரை போர்க்களம், இன்று சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஓர் இருக்கை. அந்தப் போரை மக்களில் பலர் வெறுத்தனர். அந்த வெறுப்பு, அதை முடிவு செய்த தலைவர்களோடு நில்லாமல், பக்கத்தில் வந்தமர்ந்த இருபது வயதுப் பிள்ளையின் மீதும் பாய்ந்தது. பேச ஆளில்லாமல், முகங்கொடுப்பார் இல்லாமல் வீடு சேர்ந்தோர் எத்தனையோ பேர். சீருடையைக் கழற்றி மறைத்துக்கொண்டு பயணம் செய்தோரும் உண்டு. ஏறத்தாழ 58,000 பேரின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்து வாஷிங்டனில் நினைவுச் சின்னம் எழுப்பியது 1982ஆம் ஆண்டில்தான். கல்லில் பெயர் வெட்டுவதற்கு முன், உயிரோடு வந்தவருக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று அந்நாட்டார் பின்னர் வருந்தினர்.

அந்த வருத்தம் வீண்போகவில்லை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலத்தில் பாங்கோர் என்னும் சிறு நகர் இருக்கிறது. பழைய விமானப்படைத் தளமாதலால் அங்கு நீண்ட ஓடுபாதை உண்டு. அட்லாண்டிக் கடலைக் கடந்து வரும் விமானங்கள் எண்ணெய் நிரப்ப அங்கே இறங்கும். 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போர் முடிந்து வீரர்கள் திரும்பியபோது அந்நகர மக்கள் திரண்டு வந்து வரவேற்றனர். அந்தப் பழக்கம் நின்றுபோகவில்லை. பெரும்பாலும் முதியவர்கள், பழைய போர்களில் பணியாற்றியவர்களும் அவர்களில் இருந்தனர். விமானம் வருகிறது என்று தொலைபேசியில் செய்தி வந்தால், நள்ளிரவானாலும் பனி கொட்டினாலும் புறப்பட்டு வந்து வரிசையாக நிற்பார்கள். இறங்கும் ஒவ்வொருவருடனும் கைகுலுக்குவார்கள். "வீட்டோடு பேசிக்கொள்" என்று கைத்தொலைபேசியை இலவசமாகக் கொடுப்பார்கள். இவ்வாறு கைகுலுக்கப்பட்டோர் தொகை பத்து இலட்சத்தையும் தாண்டிவிட்டது. வியட்நாமிலிருந்து திரும்பியோருக்குக் கிடைக்காத ஒன்றை அடுத்த தலைமுறைக்காவது கொடுக்க வேண்டும் என்பதே அவர்களது எண்ணம்.

இன்று அந்நாட்டு விமான நிறுவனங்கள் பல, பணியிலிருக்கும் வீரர்களை முன்னதாக ஏற அழைக்கின்றன. அவர்களது பெட்டிகளுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. இதைவிட முக்கியமான ஒரு மாற்றமும் ஏற்பட்டது. போரில் மாண்டவர்களின் உடல்கள் முன்பு பயணிகள் விமானங்களின் சரக்கு அறையில் ஊர் திரும்பின. 2005ஆம் ஆண்டில், தம் மகன் இவ்வாறு சரக்கோடு சரக்காக வரப்போகிறான் என்று அறிந்த தாயும் தந்தையும் பொறுக்க மாட்டாமல் குரலெழுப்பினர். அவர்களும் முன்னர் படையில் இருந்தவர்களே. அம்மகனின் உடல் உரிய மரியாதையுடன் விமானத்திலிருந்து இறக்கப்பட்டது. பிறகு சட்டமே மாறியது. 2007ஆம் ஆண்டு முதல், தனி விமானங்களில், சீருடையினர் உடன்வர, அவ்வுடல்கள் ஊர் சேரத் தொடங்கின. சாதாரணமான ஒரு குடும்பம் "இது முறையன்று" என்று சொன்னதால் விளைந்த நன்மை இது.

அந்நாட்டாரின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 1993ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், சோமாலியாவின் தலைநகர் மொகடிஷுவில் அமெரிக்க வீரர்கள் எதிரிகளிடையே சிக்கிக்கொண்டனர். அன்றிரவு கவச வண்டிகளுடன் உள்ளே சென்று அவர்களை மீட்டவர்களில் நம் மலேசிய வீரர்கள் முன்னணியில் நின்றனர். பாகிஸ்தானிய வீரர்களும் உடன் சென்றனர். அந்த மீட்புப் பணியில் நம் வீரர் மாட் அஸ்னான் பின் அவாங் உயிர் துறந்தார். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதாகிய ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா அவருக்கு வழங்கப்பட்டது. அன்று காப்பாற்றப்பட்டு வீடு திரும்பிய ஒவ்வோர் அமெரிக்க இளைஞரின் பயணத்துக்குப் பின்னாலும் நம் நாட்டுத் தாயொருத்தியின் இழப்பு இருக்கிறது.

தோட்டத்தார் நன்கறிவர்

நம் தோட்டங்களுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அப்போரின் களம் வேறெங்குமில்லை. நம் பால்மரக் காடுதான். மரங்கள் வெட்டிச் சிதைக்கப்பட்டன. அடையாளக் கார்டுகள் பறிக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம். அரிசிக்குப் பங்கீடு. வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துச் செல்லவும் தடை இருந்த வட்டாரங்கள் உண்டு.

உண்மையை மறைக்க வேண்டுவதில்லை. அக்காலத்தில் நம் பாட்டன்மார் காட்டுப் பக்கமிருந்து வந்தவனுக்கும் அஞ்சினர். சாலைப் பக்கமிருந்து சீருடையில் வந்தவனுக்கும் அஞ்சினர். இருபுறமும் துப்பாக்கி, நடுவில் பால்வாளி. சில வீடுகளில் அந்த அச்சம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. சீருடையைக் கண்டால் ஒதுங்கிப் போகும் முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆயின், அன்று தோட்டத்து வாயிலில் இரவெல்லாம் நின்ற சிறப்புக் காவலர் யார்? அவரும் ஒரு தொழிலாளியின் மகனே. மலாய் வீரரும், கூர்க்கா வீரரும், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிஜி நாடுகளிலிருந்து வந்த வீரரும் இம்மண்ணில் மாண்டனர். பொதுமக்களில் மட்டும் 2,400க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். இன்று நாம் இருட்டில் கைவிளக்கை ஏந்திக்கொண்டு அச்சமின்றி நிரைக்குச் செல்கிறோம் என்றால், அந்த அச்சமின்மைக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. மேலும், இப்போது சீருடை அணிந்திருப்பவர் அந்நியர் அல்லர். அவர் எதிர் லயத்துப் பையன்; உங்கள் தங்கையின் மகன்.

வீரரை மதிப்பது தமிழர்க்குப் புதிதன்று. செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், படைமாட்சிக்கும் படைச்செருக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். நம் முன்னோர், ஊர் ஆநிரையை மீட்கப் போரிட்டு மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டினர். அக்கற்கள் பலவும் வழியோரத்தில் நின்றன. ஏன்? வழிப்போக்கர் கண்டு வணங்கிச் செல்வதற்காக. பயணத்தில் இருப்பவர் வீரனுக்கு மரியாதை செய்வது நம் பழைய மரபு. இன்று பயணம் செய்பவர் அவ்வீரரே. கல்லாக நில்லாமல், களைத்த முகத்தோடு நம் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். அவ்வளவே வேறுபாடு.

நாம் செய்யக்கூடியவை

இனி, நடைமுறையில் என்ன செய்யலாம் என்று சுருங்கச் சொல்கிறேன்.

முதலாவது, வழிவிடுங்கள். வரிசையில், படிக்கட்டில், இறங்கும் வாயிலில் அவரை முன்னே போகச் சொல்லுங்கள். நமக்கு ஐந்து நிமிடம் பெரிதன்று. கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவருக்கு அது ஓர் இரவு.

இரண்டாவது, துருவிக் கேட்காதீர்கள். எந்த முகாம், எத்தனை பேர், எப்போது மாற்றம் என்றெல்லாம் வினவுவது அன்பினால் ஆனாலும் தவறு. அவரைப் படம் பிடித்துக் கைத்தொலைபேசியில் நாலு பேருக்கு அனுப்புவதும் தவறு. அது அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் தீங்காக முடியலாம். "வீட்டில் எல்லாரும் நலமா?" என்று கேளுங்கள். அது போதும்.

மூன்றாவது, ஆரவாரம் வேண்டாம். எல்லாரும் கேட்கப் புகழ்ந்தால் நாணிக் குறுகிப்போவார். ஒரு கோப்பை தேநீர் வாங்கிக் கொடுக்கலாம். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். மரியாதை என்பது அவர் கேட்டுப் பெறும் சலுகையன்று. நாம் விரும்பித் தருவது. சட்டமும் வரிசையும் அவருக்கும் உண்டு. அதை அவரே நன்கு அறிவார்.

நான்காவது, இதுவே தலையாயது. அவருடைய பயணம் முடியும் இடம் இந்த லயம். அவர் இல்லாத நாட்களில் அந்த வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? தாய்க்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது யார்? கூரை ஒழுகினால் ஏறிச் சரி செய்வது யார்? கோத்தோங் ரோயோங் என்று கூடி உழைக்கிறோமே, அந்த உழைப்பில் ஒரு பங்கை அந்த வீட்டுக்குக் கொடுங்கள். "அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள்" என்னும் நம்பிக்கையோடு அவர் விமானம் ஏறுவாரானால், அதைவிடப் பெரிய நன்றி வேறில்லை.

ஐந்தாவது, ஓய்வு பெற்றவரை மறவாதீர்கள். வாயிலில் ஜாகாவாக அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருகாலத்தில் எல்லையில் நின்றவராக இருக்கலாம். அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து கதை கேளுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.

அந்த விமானத்தில் நிகழ்ந்தது

என் கதையை முடிக்கவில்லை. தரையிறங்க அரை மணி நேரம் இருக்கையில், அந்தப் பணிப்பெண் மீண்டும் வந்தார். குனிந்து, மிக மெதுவாக, "முன்னால் ஓர் இடம் காலியாக இருக்கிறது. பையை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். ஒலிபெருக்கியில் அறிவிப்பு எதுவும் இல்லை. அவர் ஒவ்வொரு முன்வரிசையிலும் நின்று இரண்டொரு சொல் பேசிக்கொண்டு போனதை மட்டும் கண்டேன்.

விமானம் நின்றது. வழக்கமாக அந்தக் கணத்தில் எல்லாரும் எழுந்து, பெட்டிகளை இழுத்து, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்போம் அல்லவா? அன்று முன்வரிசைகளில் ஒருவர்கூட எழவில்லை. மலாய்க்காரர், சீனர், கடசான் இனத்தவர், இந்தியர் என யாவரும் அமர்ந்தே இருந்தனர். அந்த இளைஞர் மட்டும் பச்சைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். முதல் வரிசையிலிருந்த ஒரு மலாய் முதியவர் தம் கையை மார்பில் வைத்துத் தலையசைத்தார். இளைஞரும் அவ்வாறே செய்தார். கதவு திறந்தது. அவர் விரைந்து சென்று மறைந்தார். அதன் பிறகே மற்றவர்கள் எழுந்தனர்.

பின்வரிசையில் இருந்த நானும் எழுந்தேன். மூன்று மணி நேரம் பக்கத்தில் இருந்தும், கேட்க வேண்டிய மன்னிப்பை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு பணிப்பெண்ணும், பெயர் தெரியாத சில பயணிகளும் சொல்லாமலே செய்து காட்டியதை, பேசுவதையே தொழிலாகக் கொண்ட நான் செய்யத் தவறினேன். அவர் பேருந்தைப் பிடித்தாரா, விடியுமுன் வீடு சேர்ந்தாரா என்பது எனக்குத் தெரியாது. சேர்ந்திருப்பார் என்றே நம்புகிறேன்.

ஒருவேளை அவரை அறிந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். இருந்தால், அன்று தோளைத் தட்டி எழுப்பிய பெரியவர் தலைகுனிந்து வருந்துகிறார் என்று சொல்லுங்கள். அறியாதவர்கள், அடுத்த முறை பேருந்திலோ இரயிலிலோ விமானத்திலோ களைத்து உறங்கும் ஓர் இளைஞரைக் கண்டால், தட்டி எழுப்புமுன் ஒரு கணம் நில்லுங்கள். அவர் யாருக்காக விழித்திருந்தாரோ, யார் அறிவார்?